துப்பாக்கி உரிமைச் சங்கத்துக்கு 500 டாலர்: கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: டெக்சாஸில் ஹூஸ்டனை அடுத்த கேட்டியில் வசிக்கிறோம். எனக்கும் மனைவிக்கும் கிரீன் கார்டு கிடைத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் தெருவில் அடுத்தடுத்துத் திருட்டு நடந்த பிறகு, முறைப்படி பயிற்சி பெற்று ஒரு கைத்துப்பாக்கி வாங்கினேன். சுடுதளத்தில் பழக்கமான நண்பர்கள் துப்பாக்கி உரிமைச் சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். ஒருவர் என்.ஆர்.ஏ. (நேஷனல் ரைபிள் அசோசியேஷன்) என்கிறார், இன்னொருவர் அதை விட்டுவிட்டு ஜி.ஓ.ஏ.-வில் (கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா) சேருங்கள் என்கிறார். ஆண்டுக்கு 500 டாலர் ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன். சேரலாமா? வரிக்கழிவு உண்டா? எச்-1பி விசாவில் இருக்கும் என் மைத்துனருக்கும் சேர விருப்பம். என் மனைவிக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

பதில்: மைத்துனரிடமிருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் சிறைவாசம் வரை கொண்டுபோகக்கூடிய பகுதி அதுதான்.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு. அமெரிக்காவில் முறையாகப் பெற்ற வேட்டை உரிமம் அவற்றில் ஒன்று. உரிமம் இல்லாமல் சுடுதளத்தில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதுகூட 'வைத்திருத்தல்' ஆகிவிடலாம். மீறினால் 15 ஆண்டுகள் வரை சிறை; விசாவும் போகும். அடுத்த முறை அவரைச் சுடுதளத்துக்கு அழைத்துப் போகும் முன் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிடச் சொல்லுங்கள். சங்கத்தில் உறுப்பினராவது வேறு விஷயம். அதை இந்தச் சட்டம் தடுப்பதில்லை. ஆனால் சங்கத்தின் தேர்தல் நிதிக்குழுவுக்கு அவர் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. தேர்தல் நிதி கொடுக்கும் உரிமை குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே.

உங்களுக்கும் ஓர் எச்சரிக்கை. துப்பாக்கிக் கண்காட்சிகளில் சங்கத்தின் மேசைக்குப் பக்கத்திலேயே வாக்காளர் பதிவு மேசை போட்டிருப்பார்கள். நட்பாகப் பேசிப் படிவத்தை நீட்டுவார்கள். கிரீன் கார்டில் இருக்கும் நீங்கள் அதில் கையெழுத்திட்டால், அடுத்த ஆண்டு குடியுரிமை விண்ணப்பம் போடும்போது அது பெரிய முட்டுக்கட்டையாக வந்து நிற்கும். எந்த மேசையில் என்ன தாள் என்று படிக்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.

இனி பணம். இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்குகளைப் பார்ப்பது என் தொழில். ஆகவே கொள்கைப் பேச்சுக்கு முன் கணக்குப் பேச்சு வருவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பெயர்ப்பலகைக்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று கல்லாப்பெட்டிகள் இருக்கும். முதலாவது, வரிச் சட்டத்தின் பிரிவு எண்ணால் அழைக்கப்படும் 501(சி)(4) வகை அமைப்பு. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் தங்குதடையின்றி ஆதரவு திரட்டலாம்; ஆனால் அதற்குக் கொடுக்கும் சந்தாவுக்கோ நன்கொடைக்கோ வரிக்கழிவு கிடையாது. என்.ஆர்.ஏ., ஜி.ஓ.ஏ., துப்பாக்கி உரிமை வழக்குகளை நடத்தும் எஃப்.பி.சி. (ஃபயர்ஆர்ம்ஸ் பாலிசி கோயலிஷன்) மூன்றும் இந்த வகைதான். இரண்டாவது 501(சி)(3) வகை அறக்கட்டளை. பயிற்சி, கல்வி, வழக்கு ஆகியவற்றுக்குச் செலவிடும். வேட்பாளர்களுக்காக வேலை செய்யக் கூடாது. கொடுப்பவருக்கு வரிக்கழிவு உண்டு. என்.ஆர்.ஏ. அறக்கட்டளை, ஜி.ஓ.ஏ.-வின் துணை அமைப்பான கன் ஓனர்ஸ் ஃபவுண்டேஷன், 1974 இல் தொடங்கி வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூவிலிருந்து இயங்கும் செகண்ட் அமெண்ட்மென்ட் ஃபவுண்டேஷன் ஆகியவை இதில் வரும். மூன்றாவது தேர்தல் நிதிக்குழு. அதற்கும் கழிவு இல்லை.

வரிக்கழிவை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்பேன். 2025 ஆம் ஆண்டுக்குக் கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால், செலவுக் கணக்குக் காட்டாமலே எடுக்கும் நிலையான கழிவே 31,500 டாலர். அதை எடுத்துக்கொள்பவருக்கு 500 டாலர் நன்கொடையால் வரியில் எதுவும் குறையாது. 2026 முதல் நிலையான கழிவு எடுப்பவர்களும் தம்பதியாக 2,000 டாலர் வரை ரொக்க நன்கொடையைக் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் மாறியிருக்கிறது. அதுவும் 501(சி)(3) அமைப்புகளுக்குக் கொடுத்தால்தான். நடுத்தர வருமான வரம்பில் 500 டாலருக்கு மிச்சமாவது நூறு டாலரைச் சுற்றித்தான் இருக்கும்.

எந்தச் சங்கம் என்ற கேள்வியில் உங்கள் இரண்டு நண்பர்களும் பாதி சரி.

என்.ஆர்.ஏ. 1871 இல் நியூயார்க்கில் பிறந்தது. உள்நாட்டுப் போரில் வடக்குப் படையினர் குறி தவறிச் சுட்டதைப் பார்த்து நொந்த இரண்டு முன்னாள் அதிகாரிகள், சுடும் திறமையை வளர்க்கவென்று தொடங்கியது. அரசியல் முகம் அதற்குப் பிற்பாடுதான் வந்தது. 1977 இல் சின்சினாட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்களே தலைமையைக் கவிழ்த்து, சங்கத்தைத் துப்பாக்கிச் சட்டங்களுக்கு எதிரான போராட்டத்தின் பக்கம் திருப்பினார்கள். பயிற்சியாளர்களுக்குச் சான்று வழங்குவதில் இன்றும் அதன் பெயருக்கு மதிப்பு உண்டு. உறுப்பினர் அட்டை இல்லாதவரைச் சேர்த்துக்கொள்ளாத சுடுதளக் கிளப்புகளும் இருக்கின்றன. உங்கள் கிளப் அப்படிப்பட்டதென்றால் விவாதத்துக்கே இடமில்லை, சந்தாவைக் கட்டிவிடுங்கள்.

ஆனால் கணக்கர் என்ற முறையில் என்.ஆர்.ஏ.-வின் அண்மைக்கால வரலாறு எனக்கு உறுத்துகிறது. 1991 முதல் அதை நடத்திவந்த வெய்ன் லாபியர் சங்கப் பணத்தில் தனி விமானங்களிலும் ஆடம்பரப் பயணங்களிலும் சென்றார் என்று 2020 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் வழக்குப் போட்டார். 2021 ஜனவரியில் சங்கம் டல்லாஸில் திவால் மனு தாக்கல் செய்தது. நல்லெண்ணத்தில் போட்ட மனு இல்லை என்று அந்த மே மாதமே நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2024 பிப்ரவரியில் சங்கத்துக்கு 54 லட்சம் டாலர் இழப்பு ஏற்படுத்தியதற்கு லாபியர் பொறுப்பு என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். முன்னாள் நிதிப் பொறுப்பாளர் மீது 20 லட்சம் டாலர். பின்னர் லாபியர் பத்தாண்டுகளுக்குச் சங்கத்தில் பதவி வகிக்க நீதிபதி தடை விதித்தார்.

இது அரசியல் பழிவாங்கல் என்பார் உங்கள் நண்பர். அந்தப் பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. சங்கத்தையே கலைக்க வேண்டும் என்ற கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. வெளிக் கண்காணிப்பாளரை நியமிக்கவும் மறுத்துவிட்டது. வேறொரு வழக்கில், நியூயார்க் நிதி அதிகாரி ஒருவர் காப்பீட்டு நிறுவனங்களை மிரட்டி என்.ஆர்.ஏ.-விடமிருந்து விலகச் செய்தார் என்ற புகாரை விசாரணைக்கு ஏற்கலாம் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அந்த வழக்கில் என்.ஆர்.ஏ.-வுக்காக வாதாடியது தாராளவாதிகளின் கோட்டையாகக் கருதப்படும் குடிமை உரிமை அமைப்பான ஏ.சி.எல்.யு. என்றாலும், உறுப்பினர் பணத்தைத் தலைவர் தன் வசதிக்குச் செலவழித்தார் என்பது தனிக் கேள்வி. அதற்கு ஜூரிகள் பதில் சொல்லிவிட்டார்கள். இப்போது தலைமை மாறியிருக்கிறது. மாறியது ஆட்களா, பழக்கமா என்பதைக் கணக்கு அறிக்கைகளில் பார்த்த பிறகு பெரிய தொகை கொடுக்கலாம்.

பார்ப்பது கடினமே இல்லை. ஒவ்வொரு அமைப்பும் ஆண்டுதோறும் வரித்துறைக்குத் தரும் படிவம் 990 பொதுப் பார்வைக்குக் கிடைக்கும். ஆறாம் பகுதியில் ஐந்தாம் கேள்வியைப் பாருங்கள்: சொத்து பெருமளவில் திசைதிருப்பப்பட்டது இந்த ஆண்டு தெரியவந்ததா என்பதுதான் அது. என்.ஆர்.ஏ. தன் 2019 ஆம் ஆண்டுப் படிவத்தில் 'ஆம்' என்றே எழுதியது. ஏழாம் பகுதியில் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று இருக்கும். இணைப்பு எல்-இல் இயக்குநர்களோடும் அவர்கள் உறவினர்களோடும் நடந்த கொடுக்கல் வாங்கல். இந்த மூன்றையும் தேநீர் ஆறுவதற்குள் படித்துவிடலாம். ஜி.ஓ.ஏ.-வுக்கும் எஃப்.பி.சி.-க்கும் இதே சோதனையைச் செய்யுங்கள், சலுகை வேண்டாம். வாக்குரிமையையும் கேளுங்கள். என்.ஆர்.ஏ.-வில் ஆயுள் உறுப்பினர்களும் ஐந்தாண்டு தொடர் உறுப்பினர்களும் மட்டுமே இயக்குநர் தேர்தலில் வாக்களிக்க முடியும். அந்த இயக்குநர் குழுவில் பல ஆண்டுகளாக 76 பேர் இருந்துவந்தார்கள்! அத்தனை பேர் உட்காரும் குழுவில் யாரை யார் கேள்வி கேட்பது?

கணக்கு சுத்தமாக இருந்தாலும், அந்தப் பணம் என்ன வேலை செய்கிறது என்பது பாக்கி. உங்கள் மனைவியின் மறுப்பை நான் தடையாகப் பார்க்கவில்லை. அவர் சரியான இடத்தில்தான் நிற்கிறார். துப்பாக்கி வைத்திருப்பது ஒரு முடிவு, சங்கத்துக்குப் பணம் கொடுப்பது இன்னொரு முடிவு. பியூ நிறுவனத்தின் 2017 ஆய்வில் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 19 விழுக்காட்டினர்தான் என்.ஆர்.ஏ. உறுப்பினர் என்று சொன்னார்கள்.

உங்கள் மாநிலத்திலேயே ஓர் உதாரணம். 2022 மே 24 அன்று உவால்டி நகரப் பள்ளியில் 18 வயது இளைஞன், பிறந்தநாள் கழிந்த கையோடு சட்டப்படி வாங்கிய ரைபிளால் 19 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் கொன்றான். அடுத்த ஆண்டு, அத்தகைய ரைபிளை வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தும் மசோதாவுக்காகப் பெற்றோர்கள் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் காத்துக்கிடந்தார்கள். குழுவில் நிறைவேறிய அது அவைக்கு வராமலே காலாவதியானது. இதற்கிடையில், 2022 ஆகஸ்டில், 18 முதல் 20 வயதினர் பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல டெக்சாஸ் விதித்திருந்த தடை அரசமைப்புக்கு முரணானது என்று எஃப்.பி.சி. தொடுத்த வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலம் மேல்முறையீட்டை விலக்கிக்கொண்டது. எஃப்.பி.சி.-க்கு நீங்கள் கொடுக்கும் பணம் இப்படிப்பட்ட வழக்குகளுக்குத்தான் போகும். அது உங்களுக்குச் சரியென்று பட்டால் தயங்காமல் கொடுங்கள். நெருடினால், அந்த நெருடலுக்குப் பணம் கட்டாதீர்கள்.

சங்கங்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. 2017 இல் லாஸ் வேகஸ் படுகொலைக்குப் பிறகு, ரைபிளை எந்திரத் துப்பாக்கி வேகத்தில் சுடவைக்கும் 'பம்ப் ஸ்டாக்' கருவிக்குக் கூடுதல் கட்டுப்பாடு தேவை என்று என்.ஆர்.ஏ. அறிக்கை விட்டது. பின்னர் அரசு அந்தக் கருவிக்கு விதித்த தடையை எதிர்த்து ஜி.ஓ.ஏ. நீதிமன்றம் போனது. சமரசமே இல்லை என்பது ஜி.ஓ.ஏ.-வின் பெருமை. உங்கள் இரண்டாவது நண்பருக்கு அது பிடித்திருக்கிறது, உங்களுக்குப் பிடிக்குமா?

மனைவியோடு உட்கார்ந்து நான்கு கேள்விகளுக்கு இருவரும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள்: வாங்கும் வயது, தனியார் விற்பனையில் பின்னணிச் சோதனை, ஆபத்தானவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கிவைக்கும் நீதிமன்ற உத்தரவு, டெக்சாஸில் 2021 முதல் நடப்பில் உள்ள உரிமமின்றி எடுத்துச் செல்லும் முறை. பிறகு சங்கத்தின் நிலையோடு ஒப்பிடுங்கள். உறுப்பினரானால் பிடித்ததை மட்டும் பொறுக்கிக்கொள்ள வழியில்லை. உங்கள் பதில்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டுப்பாட்டை ஆதரிக்கும் துப்பாக்கி உரிமையாளர்களுக்கென்றே கிஃபர்ட்ஸ் அமைப்பு ஒரு பிரிவு வைத்திருக்கிறது. இன்னொன்று: டெக்சாஸ் சட்டப்படி திருமணத்துக்குப் பின் ஈட்டியது இருவருக்கும் பொதுச் சொத்து. 500 டாலரில் பாதி அவருடையது.

பெரிய சங்கம்தான் பெரிய வெற்றியைத் தரும் என்றும் எண்ணாதீர்கள். தனிமனிதருக்குத் துப்பாக்கி உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் முதன்முதலில் தெளிவாகச் சொன்ன 2008 ஹெல்லர் வழக்குக்குச் செலவு செய்தவர் ராபர்ட் லெவி என்ற வழக்கறிஞர். அவர் துப்பாக்கியே வைத்திருந்ததில்லை. அந்த நேரத்தில் வழக்குப் போடுவது ஆபத்து என்று என்.ஆர்.ஏ. தயங்கியது. அந்த உரிமை மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்தும் என்று 2010 இல் தீர்ப்பான, சிகாகோவுக்கு எதிரான மெக்டொனால்ட் வழக்கில் பெல்வியூவின் செகண்ட் அமெண்ட்மென்ட் ஃபவுண்டேஷனும் இலினாய் மாநிலச் சங்கமும் மனுதாரர்களாக இருந்தன. பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமையை ஏற்ற 2022 புரூயன் வழக்கு, என்.ஆர்.ஏ. ஆதரவோடு நியூயார்க் மாநிலச் சங்கம் தொடுத்தது.

நீங்கள் கொள்கையளவில் உடன்படுகிறீர்கள் என்றே வைத்துக்கொண்டு, என் கையில் அந்த 500 இருந்தால் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். முதல் ஆண்டு டெக்சாஸ் மாநில ரைபிள் சங்கத்துக்குச் சாதாரணச் சந்தா. துப்பாக்கிச் சட்டங்களில் உங்களை அன்றாடம் தொடுபவை பெரும்பாலும் ஆஸ்டினில்தான் முடிவாகின்றன. அங்கே சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் 140 நாள்கள் கூடுகிறது. வழக்குகளில் ஆர்வம் இருந்தால் ஒரு 501(சி)(3) அறக்கட்டளைக்கு நூறு டாலர். மீதியில் நல்ல பூட்டுப் பெட்டியும், மனைவி சம்மதித்தால் அவருக்கும் ஒரு பாதுகாப்பு வகுப்பும். தேசியச் சங்கம் எதிலும் ஆயுள் உறுப்பினர் ஆவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். மொத்தமாகக் கட்டிவிட்டால் சங்கம் சறுக்கும்போது சந்தாவை நிறுத்திக் காட்டும் வழி போய்விடும்.

தற்காப்பில் சுட நேர்ந்தால் வழக்கறிஞர் செலவை ஏற்போம் என்று மாதச் சந்தா வாங்கும் யு.எஸ்.சி.சி.ஏ., யு.எஸ். லாஷீல்டு போன்றவற்றையும் சங்கம் என்று நினைத்துச் சேர்பவர்கள் இருக்கிறார்கள். அவை வணிகச் சேவைகள். வேண்டுமா என்பதை ஒப்பந்தத்தின் விலக்குப் பகுதியைப் படித்து முடிவு செய்யுங்கள். நன்கொடைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சேரும்போது தானியங்கிப் புதுப்பித்தலுக்கான குறியை நீக்கிவிடுங்கள். சந்தாவுக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை கொடுத்தவருக்கு வாரந்தோறும் நெருக்கடிக் கடிதம் வரும். சங்க விருந்துகளில் துப்பாக்கி பரிசாகக் குலுக்கப்படும் சீட்டுக்குக் கொடுத்த பணத்துக்கு, நடத்துவது அறக்கட்டளையாகவே இருந்தாலும், வரிக்கழிவு கிடையாது. விருந்து டிக்கெட்டில் சாப்பாட்டின் மதிப்பைக் கழித்து மிஞ்சுவது மட்டுமே நன்கொடை; ரசீதில் அந்தத் தொகையைத் தனியாக எழுதி வாங்குங்கள்.