கேள்வி – பதில்: ஆள் வெளியே, அழைப்பு எங்கே?

கேள்வி: உட்துறைமுக வீதியில் உள்ள எங்கள் கப்பல் முகவர் அலுவலகத்தில் ஆறு பேர் வேலை செய்கிறோம். யாராவது இறங்குதுறைக்குப் போய்விட்டால் அவருடைய மேசைத் தொலைபேசி அடித்து அடித்து ஓய்கிறது. ஆள் இல்லாத நேரம் அழைப்பு தானாகவே கைத்தொலைபேசிக்குப் போகுமா? சிறிய கணினியில் ஃபிரீபிபிஎக்ஸ் (கணினியை அலுவலகத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சாக்கும் மென்பொருள்) போட்டிருக்கிறோம். சாதாரண லைன் இரண்டு.
— வாசகி, உவர்மலை

பதில்: போகும். ஆனால் அதற்கு எழுத வேண்டிய ஸ்கிரிப்டை (சிறிய நிரலை) விட உங்கள் இரண்டு லைன்கள்தான் பெரிய சிக்கல். அதைப் பிறகு பார்ப்போம்.

ஆள் இருக்கிறாரா என்பதை அவருடைய கைத்தொலைபேசி அலுவலக வைஃபையில் இருப்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ரவுட்டரில் ஒவ்வொரு போனுக்கும் நிலையான ஐபி (வலையமைப்பு முகவரி) கொடுங்கள். புதிய போன்கள் உண்மையான மாக் முகவரியை, அதாவது ரவுட்டர் போனை அடையாளம் காணும் எண்ணை, மறைத்துவிடும். அலுவலக வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை நிறுத்த வேண்டும். பிறகு நிமிடத்துக்கு ஒரு தடவை எக்ஸ்சேஞ்ச் அந்த ஐபிக்கு பிங் ("இருக்கிறாயா?" என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்பட்டும். திரை அணைந்த ஐபோன் உறங்கிவிடுவதால் ஒரு பிங் தவறியதும் "போய்விட்டார்" என்று எழுதிவிடாதீர்கள். தொடர்ந்து பத்துத் தடவை தவறினால்தான் வெளியே. ஒரு தடவை பதில் வந்தாலே உள்ளே. பிரிண்டருக்கும் பிங் அனுப்புங்கள். அதுவும் பேசாவிட்டால் படுத்தது வலையமைப்பு. யாருடைய நிலையையும் மாற்றக்கூடாது. மின்சாரம் போய் வரும்போது இது உதவும்.

நிலை மாறினால் ஸ்கிரிப்ட் அவருடைய எக்ஸ்டென்ஷனின் (மேசைத் தொலைபேசியின் உள் எண்) ஃபாலோ மீயை, அதாவது அழைப்பை வேறு எண்களுக்கும் அனுப்பும் வசதியை, போடவோ எடுக்கவோ வேண்டும். நிலை மாறும் நேரத்தில் மட்டும் எழுதட்டும். நிமிடத்துக்கு நிமிடம் எழுதினால், போனை வீட்டில் மறந்து வந்தவர் *21 அழுத்தி ஃபாலோ மீயில் செய்த மாற்றத்தை அது அழித்துவிடும். ஃபாலோ மீ பட்டியலில் கைத்தொலைபேசி எண்ணுக்குப் பின்னால், அது வெளி எண் என்று காட்ட, # போட மறக்காதீர்கள். மேசையில் 15 விநாடி, கைத்தொலைபேசியில் 25 விநாடி, அதற்குப் பிறகு வரவேற்பு மேசை. யார் எப்போது வந்தார், போனார் என்று பதிவு வைக்க வேண்டாம். தொலைபேசிக்காகத் தொடங்கிய வேலை வரவுப் பதிவேடாக மாறினால் எல்லோரும் வைஃபையை அணைத்துவிடுவார்கள்.

இனி லைன். உள்ளே வந்த அழைப்பு ஒன்றையும் கைத்தொலைபேசிக்குப் போகும் அழைப்பு மற்றதையும் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது ஆளுக்கு ஈடுபட்ட ஒலிதான். அதோடு சாதாரண லைனில் மறுமுனை எடுத்ததா என்று பெரும்பாலும் எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாது. எண்ணைச் சுழற்றியதுமே "எடுத்தாயிற்று" என்று எண்ணிக்கொள்ளும். அதனால் அந்த 25 விநாடிக்கு அர்த்தமில்லாமல் போகும், அழைப்பு வரவேற்பு மேசைக்கு வரவே வராது. "ஏற்க 1ஐ அழுத்துங்கள்" என்ற உறுதிப்படுத்தலும் இங்கே கைகொடுக்காது, போன் அடித்துக்கொண்டிருக்கும்போதே குரல் பேசி முடித்துவிடும். வெளியே போகும் அழைப்புகளுக்காவது ஒரு எஸ்ஐபி ட்ரங்க் (இணையம் வழியான தொலைபேசி இணைப்பு) எடுங்கள். அதில் அந்த உறுதிப்படுத்தல் ஒழுங்காக வேலை செய்யும், அணைத்துவைத்த போனின் அறிவிப்புக் குரலை ஆள் என்று எண்ணி அழைப்பு அதில் மாட்டிக்கொள்ளாது. பழைய லைன்களை உள்ளே வருவதற்கு வைத்துக்கொள்ளலாம். வைத்திருந்தால் ஈடுபட்ட ஒலியைக் கண்டுபிடிக்கும் அமைப்பைப் போட்டு, அந்த ஒலியை எத்தனை தடவை கேட்க வேண்டும் என்ற எண்ணிக்கையை 4 ஆக்குங்கள். அது இல்லாவிட்டால் பேசியவர் வைத்த பிறகும் லைன் விடாது.

கேள்வி: மேசையில் பேசிக்கொண்டிருக்கும்போதும் கைத்தொலைபேசி அடிக்கிறதே?
— வாசகர், கிண்ணியா

பதில்: *71 அழுத்தி கால் வெயிட்டிங்கை (பேசும்போதே இன்னொரு அழைப்பை உள்ளே விடும் வசதி) நிறுத்துங்கள். ஆள் உள்ளே இருக்கும்போது ஃபாலோ மீயும் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் நின்றால்தான், பேசிக்கொண்டிருக்கும்போது வரும் அழைப்பை வரவேற்பு மேசைக்குத் திருப்பலாம்.