வேலூர் வெயிலிலும் எஞ்சின் சூடாகவில்லையா?

கேள்வி: நான் வைத்திருப்பது 2016ஆம் ஆண்டு டீசல் கார், பழையதாக வாங்கியது. பாகாயத்திலிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்குத் தினமும் காலையில் போகிறேன். வெப்பநிலை முள் கால் பங்கைத் தாண்ட வெகுநேரம் ஆகிறது. கிரீன் சர்க்கிள் நெரிசலில் கொஞ்சம் ஏறுகிறது. நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் இறங்கிவிடுகிறது. மைலேஜும் குறைந்துவிட்டது. "வேலூர் வெயிலுக்கு எஞ்சின் குளுமையாக ஓடுவது நல்லதுதான்" என்கிறார் மெக்கானிக். அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். நெரிசலில் ஏறி, வேகத்தில் இறங்கும் முள் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்கிறது: தெர்மோஸ்டாட் மூடாமல், திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கிறது.

தெர்மோஸ்டாட் என்பது உள்ளே மெழுகு அடைத்த ஒரு வால்வு. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் ஏறக்குறைய 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் வரை சூடானால்தான் மெழுகு உருகி விரிந்து வழிவிடும். அதுவரை கூலண்ட் எஞ்சினுக்குள்ளேயே சுற்ற வேண்டும். திறந்தபடி நின்றுவிட்டால் முதல் நிமிடத்திலிருந்தே கூலண்ட் ரேடியேட்டருக்குப் போய் ஆறிவிடும். அக்னி நட்சத்திரத்தில் வெளியே 42 டிகிரி அடித்தாலும், 90 டிகிரியில் ஓட வேண்டிய எஞ்சினுக்கு அது குளிர்காற்றுதான். வெயில் இருக்கும்போது தெர்மோஸ்டாட் எதற்கு என்ற பேச்சு நம் பக்கத்துப் பட்டறைகளில் மிகப் பழையது, தவறானதும்கூட.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். டீசல் எஞ்சின் இயல்பாகவே மெதுவாகத்தான் சூடாகும். வண்டியை வாசலில் நிறுத்தி ஐடிலில் ஓடவிட்டால், நல்ல எஞ்சின்கூட அரை மணி நேரத்தில் முழுச் சூட்டை எட்டாமல் போகலாம். அப்போது அது எரிக்கும் டீசல் அவ்வளவு சொற்பம். எனவே ஓட்டித்தான் சோதிக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் பத்துப் பதினைந்து நிமிட சாதாரண ஓட்டத்திலேயே முள் வழக்கமான இடத்துக்கு வந்து, அங்கேயே நிற்க வேண்டும்.

இனி சோதனை. இரவு முழுதும் நின்ற வண்டியைக் கிளப்பி இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, விசிறியில் கை படாமல், ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொடுங்கள். தெர்மோஸ்டாட் சரியாக இருந்தால் ஹோஸ் இன்னும் குளிர்ந்தே இருக்கும். பிறகு ஒரு கட்டத்தில் சட்டென்று சூடாகும். தொடக்கத்திலிருந்தே எஞ்சினோடு சேர்ந்து மெல்ல வெதுவெதுப்பானால், வால்வு மூடவில்லை. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். அங்கே இந்தச் சோதனையை நம்ப முடியாது.

கையைவிட ஸ்கேனர் நம்பகமானது. டாஷ்போர்டு முள் தோராயமாகத்தான் காட்டும். பல கார்களில் 75 டிகிரியோ 100 டிகிரியோ, அது நடுவில் சும்மா நிற்கும். காரின் கணினி தரும் தகவலைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டி கூலண்ட் வெப்பநிலையைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் அது 60, 65 என்று தொங்கினால் சந்தேகமே வேண்டாம். கூலண்ட் போதிய சூட்டை எட்டவில்லை என்று சொல்லும் பி0128 என்ற பிழைக்குறியும் கிடைக்கலாம். காலையில் கிளப்புவதற்கு முன் அந்த எண் வெளிக்காற்றின் வெப்பத்தை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். வெளியே 25 டிகிரி இருக்கையில் மைனஸ் 40 என்று காட்டினால், பழுது சென்சாரிலோ அதன் வயரிலோதான். ரேடியேட்டர் விசிறி சாவி போட்டதிலிருந்தே ஓயாமல் ஓடுகிறதா? அப்படியானால் விசிறிக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலேயையும் சோதிக்க வேண்டும்.

மைலேஜ் குறைந்தது தற்செயல் அல்ல. எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாகக் கருதி, கணினி கூடுதல் டீசலைத் தருகிறது. சரியாக எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. ஈரமும் ஆவியாகாமல் தங்குகிறது. தேய்மானம் சத்தமில்லாமல் நடக்கும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் கார் என்றால் இன்னும் சிக்கல்: போதுமான சூடு இல்லாவிட்டால் புகைக்கரி வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளத் தொடங்காது.

கழற்றிய தெர்மோஸ்டாட்டைச் சமையலறையிலேயே சோதிக்கலாம். நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். கூடவே ஒரு வெப்பமானி வைத்து, எந்த வெப்பநிலையில் வால்வு திறக்கிறது என்று பாருங்கள். குளிர்ந்த நிலையிலேயே இடைவெளி தெரிந்தால் குப்பைக்குத்தான். புதியதை வாங்கும்போது உங்கள் எஞ்சினுக்கு உரிய வெப்பநிலை எண் பொறித்ததையே வாங்குங்கள், கேஸ்கெட்டோடு. சிறிய காற்றுத் துளை இருந்தால் அது மேல்நோக்கி அமைய வேண்டும். போர்வெல் தண்ணீரை ஊற்ற விடாதீர்கள். உப்பு படிந்து ரேடியேட்டர் அடைக்கும். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

பழைய பாகத்தைக் கட்டாயம் கேட்டு வாங்கிப் பாருங்கள். நீங்கள் வாங்கியது பழைய கார் என்பதால், தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தின் மூடியைக் கழற்றினால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லாமல் இருக்கவும் வாய்ப்புண்டு. அப்படியிருந்தால் ரேடியேட்டரையும் சோதிக்கச் சொல்லுங்கள்: முன்பு எப்போதோ வண்டி கொதித்தபோது, அடைப்பை நீக்காமல் தெர்மோஸ்டாட்டை மட்டும் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். அந்த அடைப்பு இருக்கும்போது புதியதை மாட்டினால், ஏலகிரி மலை ஏறும்போது வண்டி மறுபடி கொதிக்கும். பழி புதிய தெர்மோஸ்டாட்டின் மீது விழும்.