அண்ணனின் கை நடுக்கத்துக்குக் களைக்கொல்லிதான் காரணமா?

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் வாழை இருக்கிறது. இருபது வருடமாக அண்ணன்தான் பாராகுவாட் களைக்கொல்லி அடித்து வந்தார். 58 வயதில் வலது கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மருந்து அடித்ததால் வந்ததா? இப்போது என் மகன் அடிக்கிறான், நிறுத்திவிடலாமா? பூனைக்காலி விதை இந்த நோய்க்கு நல்லது என்கிறார்களே, அதை வாழைக்குள் ஊன்றலாமா?

பதில்: அண்ணாச்சி, முதலில் மகனை ஸ்பிரேயரை இறக்கி வைக்கச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்கள் அண்ணனுக்கு இதனால்தான் வந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. மருந்து டப்பாவைத் தொடாத வாத்தியாருக்கும் இந்த நோய் வருகிறது. ஆயுள் முழுக்க அடித்த பலருக்கு வருவதில்லை. வயதுக்கும் பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. ஆனால் அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் மருந்து தெளிப்பவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் கொண்டு நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. பாராகுவாட் அல்லது ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லி பயன்படுத்தியவர்களிடம் நோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கூடுதலாகத் தெரிந்தது. அது தீர்ப்பு ஆகாது. என் மகனாக இருந்தால் அடிக்க விடமாட்டேன், அவ்வளவுதான்.

பாராகுவாட் பட்ட புல் வெயிலில் சில மணி நேரத்தில் கருகுவதைப் பார்த்திருப்பீர்கள். இலைக்குள் ஓடும் எலக்ட்ரானை அது பிடுங்கி ஆக்சிஜன் மேல் ஏற்றிவிடுகிறது. வெறி ஏறிய அந்த ஆக்சிஜன் செல்லின் சவ்வை அரிக்கிறது. மருந்தோ செலவாவதில்லை, பழையபடி மாறி அடுத்த எலக்ட்ரானுக்குக் காத்து நிற்கிறது. நம் உடம்புச் செல்லுக்குள்ளும் எலக்ட்ரான் ஓட்டம் உண்டு. அங்கேயும் இதே வேலைதான். ரோட்டினோன் வேறு வழியில் கெடுக்கிறது: செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் மடையையே அடைத்துவிடும். இத்தனைக்கும் அது தெரிஸ் போன்ற பயறு இனச் செடிகளின் வேரிலிருந்து எடுப்பது. இயற்கையானது என்று எழுதிவிட்டால் சாதுவாகிவிடாது.

பார்க்கின்சன் நோயில் மூளையின் சில நரம்புச் செல்கள் சாகின்றன. உடம்பில் இத்தனை செல் இருக்க, அவை மட்டும் ஏன் இப்படிச் சாகின்றன? உடம்பின் அசைவுக்குச் செய்தி கடத்தும் டோப்பமின் என்ற பொருளைச் சுரக்கும் இந்தச் செல்கள் நடுமூளையில் கருப்பாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கிளைவிட்டுக் கிளைவிட்டுப் பல லட்சம் இணைப்புகளைத் தாங்குகிறது. ஒரே மடையை நம்பி ஊர் வயல் அத்தனையும் இருப்பது மாதிரி. அணையில் தண்ணீர் சற்றுக் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதானே? ஆற்றல் குறையும்போது இந்தச் செல்லும் கிளை நுனியிலிருந்துதான் பட்டுப்போகிறது. போதாததற்கு டோப்பமினே எளிதில் கெட்டு நஞ்சாகக்கூடிய பொருள். ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதமும் உருக்குலைந்து கட்டியாகச் சேர்கிறது. கை நடுக்கம் கண்ணில் படும்போது செல்களில் பாதியளவு போயிருக்கும்.

வெளியிலிருந்து வரும் நஞ்சு இதைச் செய்யும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1982இல் கலிஃபோர்னியாவில், தவறாகத் தயாரித்த போதை ஊசியைப் போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் சில நாட்களில் முற்றிய பார்க்கின்சன் நோயாளி போலக் கை கால் அசையாமல் உறைந்துபோனார்கள். அதில் கலந்திருந்த எம்பிடிபி என்ற பொருள் மூளைக்குள் போய் மாறும் வடிவமும் பாராகுவாட்டும் அமைப்பில் அண்ணன் தம்பி போல.

நான் வேளாண் அலுவலராக இருந்த காலத்தில் இதே மருந்தைப் பலருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன். கையுறையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தக் குறை எனக்கு உண்டு. நம் ஊரில் வெறுங்கையால் மருந்தை அளக்கிறோம், அடைத்த நாசிலை வாயால் ஊதுகிறோம், டேங்க் கசிந்து முதுகு நனைந்தாலும் கரை ஏறிய பிறகுதான் குளிக்கிறோம். அதே அமெரிக்க விவசாயிகளிடம் பார்த்ததில், கையுறை போடாதவர்களிடம்தான் பாராகுவாட்டுக்கும் நோய்க்கும் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. வேறு எந்த மருந்து அடித்தாலும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை வேண்டும். நனைந்த சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கொடுக்காதீர்கள்.

பாராகுவாட்டைக் கேரளம் 2011இலேயே தடை செய்துவிட்டது. அங்கேயும் வாழை விளைந்துகொண்டுதான் இருக்கிறது. கன்று நட்டவுடன் வரிசைக்கு இடையில் தட்டைப்பயறு விதையுங்கள். சணப்பை என்றால் 45 நாளில், பூக்கும் சமயத்தில் மடக்கிவிடுங்கள். பிறகு நோயில்லாத வாழைச் சருகைக் கனமாக மூடாக்குப் போடுங்கள். வாழை வேர் மேலாகவே ஓடுவதால், ஐந்தாம் மாதத்துக்கு மேல் ஆழமாகக் கொத்த வேண்டாம். கோரை இதற்கு முழுக்க அடங்காது, உண்மைதான். ஆனால் பாராகுவாட்டும் அதன் தலையைத்தான் கருக்கியது. கிழங்கு கீழே சிரித்துக்கொண்டுதானே இருந்தது?

பூனைக்காலி களையை நன்றாக அமுக்கும், மண்ணுக்குத் தழைச்சத்தும் தரும். ஆனால் கொடி வாழையில் ஏறி இறுக்கிவிடும். தரிசு விட்ட வயலில் போடுங்கள். விதையில், மூளைக்குப் போய் டோப்பமினாக மாறும் லெவோடோப்பா இருப்பது உண்மை; அண்ணனுக்குக் கொடுக்கும் மாத்திரையிலும் அநேகமாக அதே பொருள்தான் இருக்கும். விதைக்கு விதை அளவு மாறும். இரண்டும் சேர்ந்தால் வாந்தி, தலைசுற்றல், தானாகக் கை கால் முறுக்குவது, இல்லாததைக் கண்ணில் காண்பது வரை போகலாம். மருத்துவரைக் கேட்காமல் ஒரு விதைகூடக் கொடுக்காதீர்கள்.

நீங்களும் கூட நின்று அடித்திருப்பீர்கள். பெருங்காய வாசனைகூடத் தெரியாமல் போவது, தீராத மலச்சிக்கல், தூக்கத்தில் கத்திக் கை காலை உதறுவது, நடக்கையில் ஒரு கை வீசாமல் இருப்பது இவை சேர்ந்து தெரிந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை நரம்பியல் பிரிவில் காட்டுங்கள். எந்தெந்த மருந்தை எத்தனை வருடம் அடித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மீதிக் களைக்கொல்லியைக் கால்வாயில் கவிழ்த்துவிடாதீர்கள். மூடியை இறுக்கி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்துவிட்டு, வேளாண் விரிவாக்க மையத்தில் என்ன செய்வதென்று கேளுங்கள். குடித்துவிட்டால் அதற்கு முறிமருந்து கிடையாது.