மிதவை விமானத்தில் போய் வால்ஐ பிடிக்க: கேள்வி பதில்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் வடமேற்கில் ரெட் லேக், சூ லுக்அவுட் போன்ற ஊர்களிலிருந்து, நீரில் இறங்கும் மிதவை விமானத்தில் கிளம்பி, சாலையே எட்டாத ஏரியில் ஒரு வாரம் தங்கி வால்ஐ மீன் பிடிக்கப் போகிறவர்கள் கேட்டவை இவை. அங்கே பலர் இதைப் பிக்கரல் என்பார்கள்.

அண்ணா, ஆளுக்கு எவ்வளவு சுமை கொண்டுபோகலாம்?

பொதுவாக 80 முதல் 100 பவுண்டு. சாப்பாடும் அதற்குள் அடக்கமா என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மிஞ்சினால் இன்னொரு நடை பறக்க வேண்டும், அந்தச் செலவு உங்கள் தலையில்தான். எடையைத் தின்பவை போத்தல்களும் டின்களும் ஐஸ் பெட்டியும். குடிலில் பெரும்பாலும் புரோபேன் ஃபிரிட்ஜ் இருக்கும், அதனால் ஐஸ் சுமக்கத் தேவையில்லை. பீவர் என்ற சிறு மிதவை விமானத்தின் பின்பக்கம் குறுகல், சக்கரம் வைத்த சூட்கேஸ் திணறும். துணிப்பைகளாகப் பிரித்துக் கட்டுங்கள். கரடி ஸ்ப்ரே இருந்தால் ஏறுமுன் விமானியிடம் சொல்லிவிடுங்கள். பறக்கும்போது பீய்ச்சினால் அவருக்குக் கண் தெரியாது. மிதவைக்குள் இருக்கும் அறையில் வைத்துக்கொள்வார்.

ஜிக் (ஈயத் தலை வைத்த தூண்டில் முள்) போட்டால் பாறையில் மாட்டுகிறது, மீன் தொடுவதும் கையில் தெரியவில்லை. எங்கே தப்பு?

இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: படகு காற்றில் வேகமாக இழுபடுகிறது, தூண்டில் நரம்பு பின்னால் சாய்ந்துவிடுகிறது. நரம்பு படகுக்கு நேர் கீழே, சற்றே சாய்வாக நிற்க வேண்டும். மோட்டாரை ரிவர்ஸில் மெதுவாக ஓட விட்டு, படகின் பின்புறத்தைக் காற்றுக்கு எதிராகப் பிடியுங்கள். அப்படியும் சாய்ந்தால் கால் அவுன்ஸ் ஜிக்கை எடுத்துவிட்டு 3/8 அவுன்ஸ் கட்டுங்கள். மூன்று மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில், காற்று இல்லாத நேரத்தில் 1/8 போதும்.

ஜிக் தரையைத் தொட்டதும் நரம்பு தொய்யும். ரீலை அரைச் சுற்று சுற்றி ஒரு சாண் தூக்குங்கள். பிறகு மெதுவாக உயர்த்தி, *நரம்பு விறைப்பாக இருக்கும்படியே* இறக்குங்கள். வால்ஐ அதிகம் இரையை எடுப்பது ஜிக் கீழே இறங்கும்போது. தொய்ய விட்டால் அது வாயில் எடுத்துத் துப்பியதுகூடத் தெரியாது. இந்த மீன் பைக் என்ற மீனைப் போல வெட்டி இழுக்காது, இரையை உறிஞ்சும். ஈரப் பாசி தொங்குவது போன்ற பாரம்தான் தெரியும். அந்தப் பாரம் வந்தால் உடனே சுண்டுங்கள்.

ஜிக்கில் மூன்று அங்குல ரப்பர் வாலை (செயற்கை இரை) மாட்டும்போது முள்முனை உடலின் நடுக்கோட்டில் வெளிவர வேண்டும். கோணலாக மாட்டினால் சுழன்று நரம்பை முறுக்கும். அங்கே கடை கிடையாது. ஆளுக்கு 30 ஜிக்காவது வேண்டும்.

ஜூனில் எங்கே தேடுவது, ஆகஸ்டில் எங்கே?

முட்டையிட்டு முடித்த கையோடு, ஜூன் தொடக்கத்தில், ஆறு ஏரிக்குள் விழும் வாய்களிலும் அதை ஒட்டிய மணல் பரப்பிலும் நிற்கும். ஆகஸ்டில் ஏரிக்குள் நீளும் நில முனைகளையும் மூழ்கிய பாறைத்திட்டுகளையும் 6 முதல் 9 மீட்டரில் பாருங்கள். வால்ஐயின் கண் மங்கிய ஒளிக்கு ஏற்றது. மேகமும் சிற்றலையும் உள்ள நாளே நல்ல நாள். கண்ணாடி போல் நீர் கிடந்தால் அந்தி வரை பொறுத்திருப்பது மேல்.

பெரிய மீனைத் திருப்பி விடத்தான் வேண்டுமா?

அந்தப் பகுதியின் 2, 4ஆம் மீன்வள மண்டலங்களில் விளையாட்டு (Sport) மீன்பிடி உரிமத்துக்கு நான்கு மீன், அவற்றில் 46 செ.மீ.க்கு மேல் ஒன்றுதான். குறைவாகப் பிடிக்க அனுமதிக்கும் பாதுகாப்பு (Conservation) உரிமத்துக்கு இரண்டு. ஏரிக்கேற்ற விதிவிலக்குகளும் உண்டு, ஒன்ராறியோ விதித்தொகுப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஃபிரிட்ஜில் இருப்பதும் கணக்கில் சேரும், நாளுக்கு நான்கு என்று சேர்க்க முடியாது. பெரியவை முட்டையிடும் பெண் மீன்கள், பாதரசமும் அவற்றில்தான் கூடுதல். நான் ஒன்றைக்கூட எடுக்க மாட்டேன். 9 மீட்டருக்குக் கீழிருந்து தூக்கிய மீனின் காற்றுப்பை உப்பிவிடும், விட்டாலும் பிழைக்காமல் போகலாம். விடுவதற்காகப் பிடிப்பதென்றால் அந்த ஆழத்துக்குப் போகாதீர்கள்.

தம்பி, அங்கேயே துண்டு போட்டு மசாலா தடவி உறைய வைத்துக் கொண்டுவரலாமா?

வேண்டாம் ஐயா. என்ன மீன், எத்தனை என்று அதிகாரி பார்த்ததும் தெரிய வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு துண்டிலும் தோலை ஒரு பகுதி விட்டு, தட்டையாகத் தனித்தனியே உறைய வையுங்கள். மிளகாய்த்தூளும் மஞ்சளும் வீட்டில் தடவலாம். கழிவைக் குடில் பக்கம் போடாதீர்கள், கரடி வரும்.

கொசு மருந்து?

டீட் கலந்தது கட்டாயம். ஆனால் அது ரப்பர் வாலையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். புறங்கையால் பூசி, உள்ளங்கையைத் துடைத்துவிட்டுத் தூண்டிலைத் தொடுங்கள்.

திரும்பும் நாளில் மூடுபனி என்றால்?

இந்த விமானங்கள் கண்ணால் பார்த்துப் பறப்பவை, தெளியும் வரை வராது. இரண்டு நாள் அரிசி, பருப்பு, அன்றாடம் எடுக்கும் மாத்திரைகள் கூடுதலாக இருக்கட்டும். செயற்கைக்கோள் தொடர்புக் கருவி ஒன்று குழுவில் கட்டாயம். மறுநாளே ரொறன்ரோவில் வேலைக்குப் போக வேண்டும் என்று திட்டமிடாதீர்கள்.