நாற்பது வயதுக்கு மேல் வீடியோ கேம் பிடித்துப்போவது ஏன்?

சிறுவயதில் தொட்டுக்கூடப் பார்க்காத வீடியோ கேம் நாற்பது வயதுக்கு மேல் ஒருவரை ஈர்ப்பதற்கு, உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் விளக்கிய ‘ஃப்ளோ’ (flow) என்ற லயிப்பு நிலையே முக்கியக் காரணம் என்பது என் கருத்து. செயலின் கடினமும் நம் திறமையும் ஏறக்குறையச் சமமாக இருக்கும்போது, நேரம் போவதே தெரியாமல் மனம் அதில் ஒன்றிவிடுவதுதான் அது.

டெட்ரிஸ் என்ற வீடியோ கேம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நான்கு கட்டங்களால் ஆன ஏழு வகைத் துண்டுகள் மேலிருந்து ஒவ்வொன்றாக விழுகின்றன. இடைவெளியின்றி நிரம்பிய வரிசை மறைந்துவிடுகிறது. நாம் தேறத் தேற வேகமும் கூடுகிறது. ஓரத்தில் ஒரு கட்டத்தின் அகலத்தைக் காலியாக விட்டுக் காத்திருந்து, நீளத் துண்டு வந்ததும் அதில் இறக்கி நான்கு வரிசைகளை ஒருசேரக் கரைக்கும் நொடியை நான் முதன்முதலாக அனுபவித்தது நாற்பத்து மூன்றாம் வயதில். அந்த மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை. பெரியவர்களின் அன்றாட வேலையில் பலன் தெரிய மாதங்கள் ஆகலாம். இங்கோ முயற்சிக்கான பதில் அந்தக் கணமே கிடைக்கிறது.

புள்ளிக் கோலம் பழகுவதும் இத்தகையதே: ஐந்து புள்ளி கைவந்ததும் விரல்கள் தாமாகவே ஒன்பது புள்ளியைத் தேடுகின்றன.

வீடியோ கேம்கள் சிறுவர்களுக்கானவை என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் 1984இல் டெட்ரிஸை உருவாக்கிய அலெக்ஸி பஜித்னவ், மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணிபுரிந்தவர்; அதை முதலில் விளையாடி மகிழ்ந்தவர்களும் அவருடன் வேலை பார்த்த பெரியவர்களே.