பொதுச்சேவைகளை விட்டுச் சென்றவர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொதுச்சேவைகளைத் தனியாரிடம் ஒப்படைப்பது பற்றி எனக்கும் என் மைத்துனருக்கும் நெடுநாளாக விவாதம் நடக்கிறது. போட்டி வந்தால் தரம் உயரும், நட்டத்தை வரிப்பணத்தால் ஈடுகட்ட வேண்டியதில்லை, ஊழல் குறையும் என்கிறார் அவர். நான் கடுமையாக எதிர்க்கிறேன். உண்மையைச் சொன்னால், அரசு மருத்துவமனைக்கோ பேருந்துக்கோ நான் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் படிப்பதும் தனியார் பள்ளியில்தான். ஆனாலும் கொள்கை அளவில் உறுதியாக இருக்கிறேன். அவருக்கு ஒரே வரியில் என்ன பதில் சொல்வது? நீங்கள் எந்தப் பக்கம்?

க.

அன்புள்ள க.,

மைத்துனரின் வாயை அடைக்கும் ஒற்றை வரி என்னிடம் இல்லை. ஊழல் குறையும் என்று அவர் சொல்வதைப் பொருட்படுத்தவே வேண்டாம். ஒப்பந்தம் கொடுப்பவரும் பெறுபவரும் புதிதாகச் சந்திக்கும் இடத்தில் அதற்கு இன்னொரு வாசல்தான் திறக்கும். நட்டக் கணக்கும் அவர் நினைப்பதுபோல எளிதன்று. 1987-இல் ஜப்பான் தேசிய ரயில்வேயைப் பிரித்துத் தனியார்மயமாக்கியபோது, அதன் ஏறத்தாழ 37 லட்சம் கோடி யென் கடனில் பெரும்பகுதி அரசின் தலையிலேயே நின்றது. டோக்கியோவைச் சுற்றி ரயில் ஓட்டும் நிறுவனம் நன்றாகவே லாபம் ஈட்டியது; மக்கள் நெருக்கமற்ற ஹொக்கைடோவின் ரயில் நிறுவனம் இன்றும் அரசின் கையில்தான் இருக்கிறது.

போட்டியைப் பற்றி மட்டும் சற்றுச் சொல்ல வேண்டும். ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்கள் இரண்டு குடிநீர்க் குழாய்களைப் பதித்துப் போட்டியிடுவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1989-இல் குடிநீர் வாரியங்களை, அவற்றின் பழைய கடன்களைத் தள்ளுபடி செய்தபின் விற்றார்கள். லண்டனுக்கு நீர் வழங்கும் தேம்ஸ் வாட்டர் நிறுவனத்தின் கடன் 2024-இல் 1,500 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. இதைக் கேட்டு நீங்கள் துள்ளிக் குதிப்பதற்கு முன் மற்றொன்றையும் கேளுங்கள். 1990-களில் அர்ஜென்டினாவில் குடிநீர் தனியார்மயமான நகராட்சிகளில் குழந்தை இறப்பு சுமார் 8 விழுக்காடும், மிக வறிய பகுதிகளில் 26 விழுக்காடும் குறைந்ததாக 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அதுவரை குழாயே போகாத வறிய வீடுகளுக்கும் இணைப்பு போய்ச் சேர்ந்தது அதற்கு முக்கியமான காரணம். இதை மறைத்துவிட்டு வாதம் செய்கிறவர் வழக்கறிஞராக இருக்கலாம், சிந்திக்கிறவராக இருக்க முடியாது.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறு வரியை. எந்தப் பொதுச்சேவையையும் பயன்படுத்துவதில்லை, ஆயினும் கொள்கை அளவில் உறுதி என்கிறீர்கள். இதை எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா? நீங்கள் எதிர்க்கும் விற்பனையில் உங்கள் கையெழுத்து முன்பே விழுந்துவிட்டது. நோயில் கிடக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது கொள்கை பார்க்கச் சொல்லும் அளவுக்கு நான் கல்நெஞ்சன் அல்லன். நெருக்கடியில் யாரும் கிடைத்த வாசலில்தான் நுழைவார்கள். நான் கேட்பது நெருக்கடி ஏதுமில்லாத நாட்களைப் பற்றி.

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் இதைப் பற்றி எழுதினார். நைஜீரியாவின் வடபகுதியில் விளைந்த நிலக்கடலை, ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் தொலைவிலிருந்த துறைமுகங்களுக்கு லாரியில் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு தூரத்துக்கு ரயில்தான் கட்டுப்படியாகியிருக்க வேண்டும். லாரியின் போட்டியால் ரயில்வே திருந்தியிருக்க வேண்டும் என்பார் உங்கள் மைத்துனர், அது திருந்தவில்லை. குறை கண்டதும் அதிகாரியின் மேசையைத் தட்டிக் கேட்கக்கூடிய வாடிக்கையாளர்கள்தாம் முதலில் லாரிக்கு மாறினார்கள். வருமானம் குறைந்தது ரயில்வேக்கு உறைக்கவில்லை, ஏனெனில் அரசு ஈடுகட்டிவிடும். உறைத்திருக்கக்கூடிய கூச்சலும் சரக்கோடு சேர்ந்து லாரி ஏறிப் போய்விட்டது.

இதைப் படித்தபோது எனக்கு என் தந்தை நினைவுக்கு வந்தார். அவர் மனு எழுதுவதில் தேர்ந்தவர். குழாயில் நீர் வரும் நேரம் தவறினால் போதும், தாளுக்கு அடியில் கார்பன் தாளை வைத்துக்கொண்டு, பேனா முனை அழுந்த எழுதத் தொடங்கிவிடுவார். ‘பொருள்’ என்று எழுதி அடிக்கோடிடுவார். ‘பார்வை’ என்ற இடத்தில் பதில் வராத முந்தைய மனுக்களின் தேதிகளை ஒன்றுவிடாமல் வரிசைப்படுத்துவார். நகல் கோப்பில் சேரும். அந்த வரிசை நீண்டுகொண்டே போனதைப் பார்த்து மிரண்ட பொறியாளர் ஒருவர், “இனிமேல் எழுதாதீர்கள் ஐயா, நாளைக்கே சரிசெய்துவிடுகிறேன்” என்று வீட்டுக்கே வந்து சொன்னார். எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் வீடுகளும் இருந்தன. அவர்களுக்கும் அதே குழாய்தான் என்பதால், அப்பா தம் வீட்டுக்காகப் போட்ட சண்டை அவர்களுக்காகவும் போட்டதாயிற்று. பின்னர் வசதியுள்ளவர்கள் ஒவ்வொருவராக ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். நாங்களும் போட்டோம். அதன்பின் அப்பா மனு எழுதவில்லை. தெருக்குழாயில் நீர் வருகிறதா இல்லையா என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது என்றாகிவிட்டது.

பள்ளியிலும் மருத்துவமனையிலும் நடப்பது இதுவே. தலைமையாசிரியரிடம் கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோர் போய்விடுகிறார்கள். அதனால் பள்ளி தளர்கிறது. தளர்ந்ததைக் காட்டி அடுத்த வரிசைப் பெற்றோர் போகிறார்கள். கடைசியில் ஆளும் பேருமற்றுக் கிடக்கும் அந்தக் கட்டடத்தைக் காட்டி, இதை வைத்துக்கொண்டு என்ன பயன் என்று யாரோ கேட்கிறார்கள். அப்போதுதான் உங்களுக்குக் கோபம் வருகிறது, எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். விற்பனை அறிவிப்பு வருவது இந்தக் கதையின் கடைசி அத்தியாயத்தில். நீங்கள் முதல் அத்தியாயத்திலேயே வெளியேறிவிட்டீர்கள்.

பொலிவியாவின் கொச்சபம்பாவில் மக்கள் போராடி 2000 ஏப்ரலில் தனியார் நிறுவனத்துடனான குடிநீர் ஒப்பந்தத்தை ரத்துசெய்ய வைத்ததை உங்களைப் போன்றவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவதுண்டு. கட்டண உயர்வுதான் காரணம் என்பார்கள். கட்டணம் உயர்ந்தது உண்மை. ஆனால் வாரியத்தின் குழாயையே நம்பியிராத பாசன விவசாயிகளும், சொந்தக் கிணறுகள் வைத்திருந்த புறநகர்க்காரர்களும் அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றார்கள். அந்த ஒப்பந்தமும் அதையொட்டிய சட்டமும் தங்கள் கிணற்றையும் நிறுவனத்தின் அதிகாரத்துக்குள் கொண்டுபோய்விடும் என்ற அச்சமே அவர்களைத் தெருவுக்கு அழைத்துவந்தது. குழாய் பொதுக் கைக்குத் திரும்பியபின்னும் நகரின் தெற்குப் பகுதி மக்கள் பல ஆண்டுகள் தண்ணீர் லாரியையே நம்பியிருந்தார்கள்.

எந்தப் பக்கம் என்று கேட்டீர்கள். குடிநீர்க் குழாயை விற்கக் கூடாது என்ற பக்கம். அலுவலகத்தைப் பெருக்குவதற்கு யாரை அமர்த்துவது என்பதில் எனக்குப் பக்கமில்லை. அர்ஜென்டினாவைப் பற்றி மைத்துனர் கேள்விப்பட்டிருக்கவில்லை என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள்.