ஸ்ப்ரிங் ரேட் கேள்வி பதில்: ராலி கார் கட்டுறவங்களுக்கு

இந்த தடவை வந்த கேள்வில நெறைய ஸ்ப்ரிங் பத்திதான் இருந்துச்சு, அதனால மத்ததெல்லாம் அடுத்த இதழுக்கு வச்சிட்டு இத மட்டும் எடுத்துக்கிறேன். ரேட்னா ஒரு ஸ்ப்ரிங்க 1 மி.மீ. அமுக்க எவ்ளோ பலம் வேணும்ங்கிறது, அது ஜாஸ்தின்னா ஸ்ப்ரிங் கெட்டி, கம்மின்னா சாஃப்ட்.

கேள்வி: அண்ணா, பழைய எஸ்டீம் ராலி கார் ஒண்ணு வாங்கிருக்கேன். முன்னாடி ரெண்டு பக்கமும் நீல கலர் ஸ்ப்ரிங், மேல இருந்த எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு. வித்தவர் "கிராவல் ஸ்ப்ரிங்"னு மட்டும் சொன்னார். ரேட் எவ்ளோன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? (வாசகர், கோயம்புத்தூர்)

தம்பி, கிராவல்னா மண், சரளை ரோடு, ஆனா கிராவல் ஸ்ப்ரிங்னு தனியா ஒரு ஜாதி கிடையாது, அந்த வார்த்தைய வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, கலரையும் நம்பாதீங்க. முதல்ல கழட்டி டீசல்ல நல்லா கழுவி, சுத்துக்கு உள்பக்கம் டார்ச் அடிச்சு பாருங்க, வெளிய அழிஞ்சாலும் உள்ள சில சமயம் நம்பர் மிஞ்சிருக்கும். ரேஸ் ஸ்ப்ரிங்ல பொதுவா மூணு விஷயம் எழுதிருப்பாங்க: நீளம், உள் விட்டம், ரேட். இதுல சிக்கல் என்னன்னா 200னு ஒரு நம்பர் இருந்தா அது 200 மி.மீ. நீளமாவும் இருக்கலாம், இன்ச்சுக்கு 200 பவுண்டுங்கிற ரேட்டாவும் இருக்கலாம், அதனால டேப் வச்சு நீளத்த அளந்து எது எதுன்னு பிரிச்சுக்கணும். 8கே-ன்னு இருந்தா மி.மீ.க்கு 8 கிலோ. மி.மீ.க்கு 1 கிலோங்கிறது 9.8 நியூட்டன், பவுண்டு கணக்குல இன்ச்சுக்கு 56. இந்த மூணு அளவும் கலந்து பேசுறதாலதான் பட்டறைல பாதி குழப்பம், நான் இங்க எல்லாத்தையும் மி.மீ.க்கு எத்தன நியூட்டன்னே சொல்றேன்.

எழுத்து எதுவுமே இல்லன்னா வெர்னியர் எடுங்க. கம்பியோட விட்டம், ஸ்ப்ரிங்கோட வெளி விட்டம், வேலை செய்ற சுத்து எத்தன, இந்த மூணு போதும். வெளி விட்டத்துல இருந்து கம்பி விட்டத்த கழிச்சா சராசரி விட்டம். கம்பி விட்டத்த நாலு தடவ எழுதி ஒண்ணோட ஒண்ணு பெருக்கி (12ன்னா 12×12×12×12) அத 79,000ஆல பெருக்குங்க (ஸ்ப்ரிங் ஸ்டீலுக்கு உண்டான எண் அது), வர்றத, சராசரி விட்டத்த அதே மாதிரி மூணு தடவ எழுதி பெருக்கி சுத்து எண்ணிக்கையாலயும் 8ஆலயும் பெருக்கினா என்ன வருமோ அதால வகுத்துடுங்க. உதாரணத்துக்கு 12 மி.மீ. கம்பி, 132 மி.மீ. வெளி விட்டம், அதாவது சராசரி 120, வேலை செய்ற சுத்து 6: கணக்கு போட்டா ஏறக்குறைய 20 நியூட்டன் வரும்.

இங்க கவனமா இருக்க வேண்டியது கம்பி விட்டம்தான், ஏன்னா அத நாலு தடவ பெருக்குறோம். பெயிண்ட்டோட சேத்து அளந்து 12க்கு பதிலா 12.5னு எடுத்துட்டீங்கன்னா விடை 17 சதவீதத்துக்கு மேல தப்பா போயிடும். அதனால ஒரு எடத்துல எமரி பேப்பர் போட்டு பெயிண்ட்ட சுத்தமா சுரண்டிட்டு, ரெண்டு மூணு எடத்துல அளங்க. அடுத்தது சுத்து. மேலயும் கீழயும் சீட்டுல (ஸ்ப்ரிங் உக்கார்ற தட்டு) படுத்திருக்கிற பகுதி வேலை செய்யாது, ரெண்டு முனையும் தட்டையா கிரைண்ட் பண்ணின ரேஸ் ஸ்ப்ரிங்ல மொத்த சுத்துல 2 கழிச்சுக்கங்க, கம்பெனி ஸ்ப்ரிங்ல சீட்டுல எவ்ளோ தூரம் உக்காருதுன்னு தடம் தெரியும், அத பாத்து கழிங்க.

இது கணக்கு. நிஜ விடை பிரஸ்லதான். பக்கத்து பட்டறைல ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும், பழைய இரும்புக் கடைலயோ மண்டிலயோ 300 கிலோ தாங்குற எடை மெஷின் கெடைக்கும், ரெண்டையும் சேருங்க. ஸ்ப்ரிங் வெளிய பாயாத மாதிரி உள்ள கம்பி இல்ல பைப் விட்டு, சுத்தி ஒரு கூண்டு வச்சு, அப்புறம்தான் அமுக்கணும், இதுல அவசரமே கூடாது, தெறிச்சா ஆளையே கொன்னுடும். முதல் 25 மி.மீ.ய விட்ருங்க, முனைகள் சீட்டுல படியிற எடம் அது. அதுக்கப்புறம் ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் எடைய எழுதுங்க. 52, 103, 155னு கிட்டத்தட்ட ஒரே அளவா ஏறுனா மி.மீ.க்கு 2 கிலோவுக்கு கொஞ்சம் மேல, அதாவது 20 நியூட்டன், ஒரே ரேட் ஸ்ப்ரிங். ஏற ஏற வித்தியாசம் பெருசாகுதுன்னா அது ப்ரோக்ரஸிவ், அதுக்கு ஒரே நம்பர் கிடையாது, கார் நிக்கிற உயரத்துல என்ன ரேட்டுன்னு தனியா குறிச்சுக்கங்க. இடது வலது ரெண்டையும் அளங்க, ஒண்ண அளந்து இன்னொண்ணும் அதேதான்னு நெனைக்காதீங்க, பழைய ராலி கார்ல ஜோடி மாறி கெடக்கிறது சகஜம்.

கேள்வி: கார் முன்ன விட ஒரு இன்ச் எறங்கிடுச்சு. ஸ்ப்ரிங் சாஃப்ட் ஆயிடுச்சுன்னு மெக்கானிக் சொல்றார், உண்மையா சார்? (வாசகர், திருச்சி)

இல்லீங்க. ஸ்ப்ரிங் உக்காந்துருச்சு, சாஃப்ட் ஆகல. நாள்பட்ட ஸ்ப்ரிங் நீளம் கொறையும், ஆனா ரேட் கம்பி விட்டம், சுத்து, ஸ்டீலோட குணம் இத பொறுத்தது, அதெல்லாம் மாறல. துரு ஏறி கம்பியே மெலிஞ்சிருந்தா ரேட் கொறையும், அப்படி இருந்தா அத அளக்கவே வேணாம், தூக்கிப் போட்டுடுங்க, ஸ்டேஜ் (ராலில நேரம் எடுக்கிற ரோட்டுப் பகுதி) நடுவுல ஒடையும். அதே மாதிரி காயில்ஓவர்ல (ஷாக்க சுத்தி ஸ்ப்ரிங் இருக்கிற, உயரத்த திருகி மாத்துற செட்) கீழ் சீட்ட மேல திருகுனா ஸ்ப்ரிங் டைட் ஆகுதுன்னு சொல்றதும் சரியில்ல, கார் ஒசரும், அவ்ளோதான், ரேட் அதேதான். ரேட்ட மாத்துறது சுத்த வெட்டுறது, 6 சுத்த 5 ஆக்கினா 20 நியூட்டன் 24 ஆகும், ஆனா நீளமும் போயிடும், ராலி கார்ல தயவுசெஞ்சு அத செய்யாதீங்க, கேஸ் வெல்டிங் சூடு காட்டுறது அத விட மோசம்.

கேள்வி: அண்ணா, கோயம்புத்தூர் ராலிக்கு கார் ரெடி பண்றோம், முழுக்க மண் ரோடு. காயில்ஓவர் கடைல 6கே போடுங்கன்னாங்க, டீம்ல ஒருத்தன் 3கே போதும்கிறான். எத வச்சு முடிவு பண்றது? (வாசகர், சென்னை)

கடைக்காரர் என்ன சொன்னார்ங்கிறத ஓரமா வச்சிட்டு உங்க கார நிறுத்தி எடை போடுங்க. டிரைவர், கோ-டிரைவர் ரெண்டு பேரும் ஹெல்மெட்டோட உள்ள, பாதி டேங்க் பெட்ரோல், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் அதது எடத்துல. நாலு சக்கரத்துக்கு கீழயும் தனித்தனியா. முன் சக்கரம் ஒண்ணுல 310 கிலோன்னு வச்சுக்குவோம், அதுல வீல், டயர், டிஸ்க், ஹப்புன்னு ஸ்ப்ரிங்குக்கு கீழ இருக்கிறது ஒரு 35 கிலோ போக 275 கிலோவத்தான் ஸ்ப்ரிங் தாங்குது.

அடுத்தது அந்த எடை ஸ்ப்ரிங் மேல நொடிக்கு எத்தன தடவ ஆடும்ங்கிறது. சாதாரண ரோட்டு கார் 1ல இருந்து 1.5 வரைக்கும் இருக்கும். மண் ரோட்டு ராலிக்கு நான் 1.6, 1.8 பக்கத்துல ஆரம்பிப்பேன், தார் ரோட்டுக்கு 2.2க்கு மேல. 275 கிலோவுக்கு 1.7 வேணும்னா சக்கரத்துல 31 நியூட்டன் வேணும். அதாவது உங்க டீம் ஆள் சொன்ன 3கே-க்கு ரொம்ப பக்கம், அவரு சொல்றதுல விஷயம் இருக்கு. 6கே போட்டா 59 நியூட்டன், நொடிக்கு 2.3 தாண்டிடும், அது தார் ரோட்டு கணக்கு.

ஆனா இந்த ஆட்டக் கணக்க விட எனக்கு முக்கியமா படுறது வேற ஒண்ணு, கார் நிக்கும்போது ஸ்ப்ரிங் எவ்ளோ அமுங்கிருக்குங்கிறது. 31 நியூட்டன்ல 275 கிலோ வச்சா 87 மி.மீ. அமுங்கும், 59ல வெறும் 46. இந்த அமுக்கம்தான் சக்கரம் கீழ தொங்கும்போது ஸ்ப்ரிங் அத தரைல வச்சு அழுத்துற தூரம். காத்தாலை காட்டுக்குள்ள போற அந்த மாதிரி மண் ரோட்ட நெனச்சுப் பாருங்க, கெட்டித் தரை, மேல உருண்ட சரளை, நடுவுல தண்ணி ஓடுன பள்ளம். பள்ளத்துல சக்கரம் 70 மி.மீ. கீழ போகணும், 59 நியூட்டன் ஸ்ப்ரிங்குக்கு 46லயே மூச்சு முடிஞ்சிடும், அதுக்கப்புறம் ஸ்ப்ரிங் சீட்டுல ஆடும், டயர் காத்துல சுத்தும். முன் சக்கரம் இழுக்கிற கார்ல அது நேரா டைம் இழப்பு. கெட்டி ஸ்ப்ரிங் போட்டவங்க ஹெல்பர் ஸ்ப்ரிங் சேக்கிறது இதுக்குத்தான், அது ஸ்ப்ரிங் சீட்ட விட்டு நழுவாம புடிச்சுக்கும், ஆனா டயருக்கு பிடிப்பு குடுக்காது.

சிக்மகளூர் காப்பித் தோட்டத்து ரோடு மாதிரி குறுகலா சேறா இருந்தா இன்னும் ஒரு படி சாஃப்ட்டா போவேன், பாடி சாயட்டும் பரவால்ல, பாடி சாயாம ரெண்டு பக்க சக்கரத்தையும் இணைக்கிற ஆன்ட்டி ரோல் பாரையும் கழட்டிடலாம் இல்ல மெலிசா போடலாம்.

பின்னாடி ஸ்ப்ரிங்குக்கு போகும்போது ஒரு வேலை பாக்கி இருக்கு. முன்னாடி ஸ்ட்ரட் (ஷாக்கோட சேந்த தூண்) மேலயே ஸ்ப்ரிங் இருக்கிறதால சக்கரம் ஏறுற அளவுக்கு கிட்டத்தட்ட ஸ்ப்ரிங்கும் அமுங்கும். பின்னாடி ஸ்ப்ரிங் ஆர்ம் மேல உள்தள்ளி உக்காந்திருந்தா அப்படி இல்ல. ஸ்ப்ரிங்க கழட்டிட்டு, ஜாக்கி வச்சு சக்கரத்த 50 மி.மீ. தூக்கி, ஸ்ப்ரிங் சீட் ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ கொறஞ்சுதுன்னு அளங்க. 34 கொறஞ்சா விகிதம் 0.68, அத அதாலயே பெருக்குனா 0.46, அப்போ 40 நியூட்டன் ஸ்ப்ரிங் சக்கரத்துல 18.5தான். இத அளக்காம முன்னாடி 30, பின்னாடி 40 போட்டோம்னு பேசுறதுல அர்த்தமே இல்ல. முன் சக்கரம் இழுக்கிற கார்ல பின்னாடி ஆட்டம் முன்னாடிய விட கொஞ்சம் ஜாஸ்தி இருந்தா வளைவுல வண்டி திரும்பும், அதனால முன்னாடி 1.7ன்னா பின்னாடி 1.9 பக்கம் ஆரம்பிச்சுப் பாருங்க.

வாங்குறதுக்கு முன்னாடி நீளத்தையும் பாருங்க. ஸ்ப்ரிங்கோட முழு நீளத்துல, சுத்தெல்லாம் ஒட்டுனா என்ன நீளமோ அத கழிச்சா வர்ற தூரம், சஸ்பென்ஷனோட மொத்த ட்ராவலும் (மேல கீழ போற தூரம்), மாட்டும்போதே அமுக்கி வச்ச ப்ரீலோடும் சேந்தத விட ஒரு 15 மி.மீ.யாவது ஜாஸ்தி இருக்கணும். இல்லன்னா ஷாக் முடியறதுக்கு முன்னாடி சுத்து ஒட்டி ஸ்ட்ரட் மவுண்ட்ட உடைக்கும். உங்க கிளாஸ் ரூல் புக்ல ஸ்ப்ரிங்க மாத்த என்ன அனுமதின்னும் படிச்சுட்டு காசு குடுங்க.

கேள்வி: அண்ணா, நான் கண்டியில இருந்து எழுதுறன். நுவரெலியா மஹாகஸ்தொட்ட ஹில் கிளைம்புக்கு கார் ஒண்டு செய்யிறம். கிரவல்ல ஓடின ஸ்பிரிங்க அப்பிடியே போட்டு ஓடலாமோ?

ஓடலாம், ஆனா நேரம் போயிடும். அது தார் ரோடு, மேடு, கொண்டை ஊசி வளைவு, பள்ளம் தாண்டுற வேலை இல்ல, பாடி சாயாம டக்குனு திரும்பணும். மேல போட்ட அதே 275 கிலோவுக்கு 2.4 வேணும்னா 62 நியூட்டன், கிராவல் ஸ்ப்ரிங்குக்கு நேர் ரெண்டு மடங்கு. ஸ்ப்ரிங் மட்டும் மாத்தினா போதாது, ஷாக்கோட ரீபவுண்ட் (அமுங்குன ஸ்ப்ரிங் விரியிறத புடிக்கிற பலம்) அந்த ஸ்ப்ரிங்குக்கு ஏத்த மாதிரி டைட் பண்ணணும். மழைன்னா ஆன்ட்டி ரோல் பார முதல்ல லூஸ் பண்ணிப் பாருங்க, அதுக்கு ஸ்ப்ரிங்க மாத்த வேண்டாம்.

கேள்வி: ஜிப்ஸிக்கு காயிலே இல்லையே, கமான் பட்டைதானே, அதுக்கு ரேட் எப்படி பாக்கிறது? (வாசகர், ஈரோடு)

வண்டியிலயே பாக்கலாம். சமதரைல நிறுத்தி, பின்னாடி ஆக்ஸிலுக்கு நேர் மேல ரெண்டு பக்கமும் 25 கிலோ மூட்டை சமமா ஏத்துங்க, ஒவ்வொரு தடவையும் ஆக்ஸிலுக்கும் சேசிஸுக்கும் நடுவுல உள்ள தூரத்த எழுதுங்க, அப்புறம் ஒவ்வொண்ணா எறக்கி அதயும் எழுதுங்க. ஏத்தும்போதும் எறக்கும்போதும் வித்தியாசமா வரும், பட்டைக்கு பட்டை உராயுறதால, ரெண்டுக்கும் நடுவுலதான் உண்மை ரேட். அந்த வித்தியாசம் ரொம்ப பெருசுன்னா பட்டை துருப்பிடிச்சு கெடக்கு, பிரிச்சு சுத்தம் பண்ணி கிரீஸ் வைங்க, அதுக்கே வண்டி மாறிடும். ஒரே கனத்துல பட்டை சேத்தா எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி ரேட் ஏறும், ஆனா கனமான பட்டைல ஜாக்கிரதை, கனம் ரெண்டு மடங்குன்னா ரேட் எட்டு மடங்கு.

கேள்வி: ஜம்ப்ல எறங்கும்போது டமால்னு அடிக்குது சார். ஸ்ப்ரிங்க கெட்டியாக்கிடலாமா? (வாசகர், மதுரை)

எல்லாரும் முதல்ல செய்றது அதுதான், நான் கடைசியா செய்யச் சொல்றதும் அதுதான். கணக்கு பாருங்க. 275 கிலோ மூலை, சக்கரம் தரைய தொடும்போது அரை மீட்டர் விழுந்த வேகம், அதுக்கு மேல 200 மி.மீ. ட்ராவல், எல்லாம் சேத்தா கிட்டத்தட்ட 1,890 ஜூல் சக்திய எங்கயாவது அடக்கணும். 31 நியூட்டன் ஸ்ப்ரிங் முழுசா அமுங்குனா 620 ஜூல்தான் வாங்கும். ரெண்டு மடங்கு கெட்டியாக்கினா 1,240, அப்பவும் அடிக்கும், அதோட வாங்குன 1,240ஐயும் ஸ்ப்ரிங் திருப்பிக் குடுக்கும், வண்டி மறுபடி துள்ளும், மூக்கு குத்தும். ஷாக்தான் சக்திய சூடா மாத்தி முடிச்சு வைக்கும், கடைசில பம்ப் ரப்பர் கொஞ்சம் வாங்கும்.

அதனால ஷாக் ராடுல ஒரு கேபிள் டை கட்டிட்டு, ஒரு ஓட்டம் ஓடிட்டு வந்து எது வரைக்கும் நகந்திருக்குன்னு பாருங்க. ஜம்ப்ல மட்டும் முடிவுக்கு போகுதுன்னா ஷாக்கோட பம்ப் வால்விங்க (அமுங்கும்போது எதிர்க்கிற பலம்) ஏத்துங்க, இல்ல நீளமான பம்ப் ரப்பர் போடுங்க, ஸ்ப்ரிங்க தொடாதீங்க. ஜம்ப்பே இல்லாத எடத்துல, பிரேக் புடிக்கும்போதும் நீளமான பள்ளத்துலயும் அங்கயே போகுதுன்னா முதல்ல கார் உயரத்த சரி பாருங்க, உயரம் சரியா இருந்தா அப்போ ஸ்ப்ரிங் பத்தல, 10ல இருந்து 15 சதவீதம் ஏத்துங்க, அதுக்கு மேல ஒரே தாவா போகாதீங்க. டை எந்த ஸ்டேஜ்லயும் கடைசி 30 மி.மீ. பக்கமே வரலன்னா ஸ்ப்ரிங் ரொம்ப கெட்டி, கழட்டி அடுத்த சாஃப்ட்ட போட்டுட்டு அதே ரோட்டுல மறுபடி ஓட்டிப் பாருங்க.